நல்ல காட்டிலிருந்து தொடங்குதல்

அடிலெய்ட் நகரின் தென்கிழக்கில், மவுண்ட் லாஃப்டி மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் இருக்கிறது ஸ்காட் கிரீக் பாதுகாப்புப் பூங்கா. பெயரில் பூங்கா என்று இருந்தாலும் புல்தரையோ பூப்பாத்தியோ அங்கே கிடையாது. காட்டுயிர்களுக்கும் தாவரங்களுக்கும் என்று தென் ஆஸ்திரேலிய அரசு 1985இல் சட்டப்படி ஒதுக்கிய, சுமார் 700 ஹெக்டேர் புதர்க்காடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளிக்கும் செம்புக்கும் தோண்டிய சுரங்கங்களின் இடிபாடுகள் இன்னும் கிடக்கின்றன. 2021 ஜனவரி 24 அன்று பக்கத்துச் செர்ரி கார்டன்ஸ் பகுதியில் பற்றிய தீ சுமார் 2,700 ஹெக்டேரை எரித்தது. பூங்காவின் பெரும்பகுதியும் அதில் போயிற்று.

ஆஸ்திரேலியக் காட்டுக்குத் தீ புதிதல்ல. யூகலிப்டஸ் மரங்கள் கருகிய பட்டைக்கு அடியிலிருந்து சில வாரங்களில் துளிர்விட்டுவிடும். அக்கேசியா இனங்களின் விதைகளுக்கோ சூடுபட்டால்தான் கெட்டியான தோல் வெடிக்கும். சாம்பல்மேல் முதல் மழை விழுந்ததும் அவை ஆயிரக்கணக்கில் முளைக்கும். சங்கடம் என்னவென்றால், அதே சூட்டுக்கும் அதே மழைக்கும் காத்துக்கிடந்த வேறு விதைகளும் அதே மண்ணில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து தோட்டச் செடியாக வந்த போன்சீட் என்ற மஞ்சள்பூப் புதர், மத்தியதரைக்கடல் நாடுகளின் புரூம், ஐரோப்பாவின் முள்செடியான கோர்ஸ் ஆகிய மூன்றும் தீயில் கருகுகின்றன. மூன்றும் தீக்குப் பிறகு முன்னிலும் அடர்த்தியாக எழுகின்றன. நன்றாக வளர்ந்த ஒரு போன்சீட் புதர் ஆண்டுக்கு 50,000 விதைகள்வரை உதிர்க்கும். அவை பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை. கோர்ஸ் விதை இருபத்தைந்து ஆண்டுகளையும் தாண்டும்.

இந்தச் செடிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டே திசைகள்: தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, மத்தியதரைக்கடற்கரை. இது தற்செயல் அல்ல. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்ற தட்பவெப்பம் அடிலெய்டுக்கும் அவற்றுக்கும் பொது. குடியேறிய ஐரோப்பியர் தமக்குத் தெரிந்த தோட்டத்தை நட்டார்கள். தோட்டத்துக்குப் பொருந்திய வானிலை வேலிக்கு வெளியேயும் அதேதான்.

அப்படியானால் பூங்காவைக் காக்க வருபவர் களையை எங்கே தொடங்கி எப்படி எடுப்பது? புதர் எங்கே மண்டிக் கிடக்கிறதோ அங்கே கத்தியோடு போகத்தான் யாருக்கும் கை துடிக்கும். அது பெரும்பாலும் தவறான இடம் என்பதை ஆஸ்திரேலியாவில் முதலில் தெளிவாக எழுதிவைத்தவர்கள் தாவரவியல் பேராசிரியர்கள் அல்லர். சிட்னியின் மோஸ்மன் பகுதியில் வாழ்ந்த இரு சகோதரிகள்: எய்லீன் பிராட்லி, ஜோன் பிராட்லி.

சிட்னித் துறைமுகத்தின் வடகரையில் ஆஷ்டன் பார்க் என்று ஒரு காடு கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் முனைக்குப் பிராட்லிஸ் ஹெட் என்று பெயர். அந்தப் பெயர் 1788இல் வந்திறங்கிய முதல் கப்பல் தொகுதியின் அதிகாரி வில்லியம் பிராட்லியுடையது. சகோதரிகளைக் குறித்து வந்ததல்ல. அங்கே நாள்தோறும் நடந்த இருவரும் 1960களில் ஒன்றைக் கவனித்தார்கள். ஆட்கள் வந்து உண்ணிச்செடியையும் மற்றக் களைகளையும் ஒட்ட வெட்டிச் சுத்தமாக்கிவிட்டுப் போகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. வெயில் பட்ட அந்த வெறும் மண்ணில் அடுத்த ஆண்டு களை இரட்டிப்பாக நிற்கிறது. ஆனால் போகிறபோக்கில் தாங்கள் இரண்டொரு செடியைப் பிடுங்கி, கலைந்த சருகைத் திரும்ப மூடிவிட்டு வந்த இடங்களிலோ உள்ளூர்ச் செடிகளே இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன.

இதைப் பல ஆண்டுகள் செய்து பார்த்துச் சிறு நூல்களாக எழுதினார்கள். முதலாவது 1967இல் வந்தது, அடுத்தது 1971இல். எய்லீன் 1976இலும் ஜோன் 1982இலும் இறந்தார்கள். ஜோன் எழுதி வைத்ததைத் தோழிகள் தொகுக்க, 1988இல் அது முழு நூலாயிற்று. 'பிராட்லி முறை' என்று இன்று அழைக்கப்படுவதன் சாரம் சிக்கலானதல்ல. நல்ல காட்டிலிருந்து தொடங்கிக் கெட்ட காட்டை நோக்கி நகர வேண்டும். மண்ணை முடிந்தமட்டும் கிளறக் கூடாது, கிளறினால் சருகை இருந்தபடி திரும்பப் போட வேண்டும். உள்ளூர்ச் செடிகள் எவ்வளவு வேகத்தில் திரும்பி வருகின்றனவோ அந்த வேகத்துக்குமேல் களையெடுக்கக் கூடாது.

மூன்றாவதுதான் உண்மையான புதுமை என்பது என் எண்ணம். முதல் இரண்டையும் கவனமுள்ள எந்தத் தோட்டக்காரரும் ஊகித்துவிடலாம். மூன்றாவது, வேலையின் கடிவாளத்தைக் களையெடுப்பவர் கையிலிருந்து எடுத்துக் காட்டிடம் கொடுத்துவிடுகிறது. ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது, நாள் இருக்கிறது, ஆனாலும் இன்று இதற்குமேல் பிடுங்காதே என்கிறது.

அதற்குக் காரணம் மண்ணில் இருக்கிறது. களை அடர்ந்த இடத்தின் நடுவில் பல ஆண்டுகளாக விழுந்திருப்பது களையின் விதை மட்டுமே. உள்ளூர்ச் செடிகளின் விதை அங்கே தீர்ந்திருக்கும், அல்லது மிகக் குறைந்திருக்கும். அங்கே வெட்டித் திறந்துவிட்டால் வெளிச்சமும் ஈரமும் கிடைப்பது யாருக்கு? நல்ல காட்டின் ஓரத்தில் நிலைமை தலைகீழ். பக்கத்தில் தாய்ச்செடிகள் நிற்கின்றன, மண்ணில் அவற்றின் விதை இருக்கிறது, வேரடி நிழல் இருக்கிறது. ஒரு களையை எடுத்தால் அந்தக் கையகல இடத்தை நிரப்ப ஆள் தயார். அந்த ஓரம் கெட்டியானபின் இன்னும் இரண்டடி நகரலாம். மண்ணைக் கிளறக் கூடாது என்பதற்கும் இதே கணக்குதான். ஆழத்தில் உறங்கும் விதையை மேலே கொண்டுவந்து விதைப்பதற்கு மண்வெட்டியைவிடச் சிறந்த கருவி இல்லை.

சிட்னிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஹாக்ஸ்பரி மணற்பாறையிலிருந்து உண்டான அதன் மண்ணில் பாஸ்பரஸ் மிகமிகக் குறைவு. அங்குள்ள பாங்சியா போன்ற செடிகள் அந்த வறுமைக்கென்றே கொத்துகொத்தான நுண்வேர்களை வளர்த்துக்கொண்டவை. மேட்டில் வீடுகள் வந்தன. தோட்டத்து உரமும் சாக்கடைக் கசிவும் சோப்புநீரும் மழையோடு பள்ளத்தில் இருக்கும் காட்டுக்கு இறங்கின. உரம் ஏறிய மண்ணில் உள்ளூர்ச் செடி நோய்ப்படுகிறது, பிரைவெட் என்ற வேலிச்செடியும் உண்ணிச்செடியும் கொழுக்கின்றன. மழைநீர்க் குழாய் வந்து கொட்டும் இடத்தில் எத்தனை தலைமுறை களையெடுத்தாலும் காடு திரும்பாது. அங்கே செய்ய வேண்டியது களையெடுப்பு அல்ல, குழாய் வேலை.

பிராட்லி முறைமீது அன்றும் இன்றும் சொல்லப்படும் குறை அதன் மந்தகதி. அது நியாயமான குறைதான். சகோதரிகள் வேலை செய்தது பெரும்பாலும் உயிர்ப்புள்ள காட்டில். ஸ்காட் கிரீக் போன்ற இடத்தில் ஒரு சரிவு முழுக்கப் புரூம் நிற்கும்போது ஓரத்திலிருந்து கையால் பிடுங்கிக்கொண்டு வந்தால், நாம் ஒரு கெஜம் நகர்வதற்குள் அது பத்துக் கெஜம் பரவிவிடும். ஆகவே பின்வந்தவர்கள் முறையைத் தளர்த்தினார்கள். இன்று தன்னார்வலரின் இடுப்புப் பையில் கையரம்பத்தோடு ஒரு சிறு புட்டியும் இருக்கும். செடியை அடியோடு அறுத்து, வெட்டுவாய் காய்வதற்குள், அதாவது சில நொடிகளுக்குள், களைக்கொல்லியைத் தொட்டு வைக்கிறார்கள். வேர் மண்ணிலேயே இருக்கும், மண் கலையாது, மருந்தும் பக்கத்துச் செடிக்குப் போகாது. முற்றிய ஆலிவ் மரமானால் தண்டில் துளையிட்டு ஊற்றுவார்கள். வீட்டுக்குத் திரும்புமுன் செருப்படியைத் தேய்த்துக் கழுவி மருந்து தெளித்துக்கொள்வது இன்னொரு வழக்கம். வேரழுகல் நோயை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் ஈரமண்ணோடு பரவும். புல்மரங்களை அது கொத்துக்கொத்தாகக் கொல்லும். களையெடுக்க வந்தவரின் காலணியே அதற்கு வண்டியாகிவிடக் கூடாது.

ஆலிவ் என்றதும் தமிழ் வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளிலேயே அடிலெய்டுக்கு வந்து, எண்ணெய்க்கு இன்றும் மதிப்போடு பயிராகும் மரம் அது. பயிர்நிலத்தைத் தாண்டிய ஆலிவ் அங்கே சட்டப்படி அறிவிக்கப்பட்ட களை. ஐரோப்பாவிலிருந்து வந்த நரியும் ஸ்டார்லிங் பறவையும் பழத்தைத் தின்று விதையை மலைச்சரிவுகளில் போடுகின்றன. அதாவது வந்தேறி ஒன்றை இன்னும் இரண்டு வந்தேறிகள் சுமந்து பரப்புகின்றன. எண்ணெய் நிறைந்த இலை கோடைத்தீயில் உக்கிரமாக எரியும் என்பது கூடுதல் தொல்லை.

இதுவரை சொன்னதில் களை எது, காடு எது என்பதில் குழப்பமில்லை. பிளாக்பெரி அந்தத் தெளிவைக் கெடுத்தது.

தெற்குப் பழுப்புப் பாண்டிகூட் என்பது ஒரு கிலோவை ஒட்டிய எடையுள்ள, கூர்மூக்குப் பைப்பாலூட்டி. மண்ணைக் கிண்டிப் பூச்சியையும் நிலத்தடிப் பூஞ்சையையும் தின்னும். அது கிண்டுவதால் மண்ணுக்குள் நீர் இறங்குகிறது, பூஞ்சையின் வித்துகள் பரவுகின்றன. 2001 முதல் ஆஸ்திரேலிய அரசின் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மவுண்ட் லாஃப்டி மலைகளில் எஞ்சியிருப்பவை துண்டுதுண்டான காடுகளில் ஒதுங்கி வாழ்கின்றன. நரியும் பூனையும் நுழைய முடியாத அடர்ந்த கீழ்ப்புதர் அதற்கு உயிர்நாடி. அப்படிப்பட்ட உள்ளூர்ப் புதர் அழிந்த ஓடைக்கரைகளில் அது எங்கே போய் ஒளிந்தது? ஐரோப்பிய பிளாக்பெரியின் முட்புதருக்குள். ஆஸ்திரேலியா முழுவதற்குமான முதன்மைக் களைகளுள் ஒன்று, அருகிவரும் விலங்கொன்றின் கடைசிக் கோட்டையாகிவிட்டது.

கெட்டிக்கார ஒப்பந்ததாரர் ஒருவர் இரண்டு வாரத்தில் அந்தக் கரையைத் துடைத்துக் கொடுத்துவிடுவார். அறிக்கையில் இத்தனை ஹெக்டேர் பிளாக்பெரி நீக்கம் என்று பதிவாகும். அடுத்த மாதத்திற்குள் அங்கிருந்த பாண்டிகூட்களை நரி எடுத்துவிடும். இந்த ஆபத்தை உணர்ந்தபின் அந்த மலைகளில் பின்பற்றப்படும் வழி வேறு: முதலில் பக்கத்தில் உள்ளூர்ப் புதரைத் தழைக்க விடுவது அல்லது நடுவது, அது விலங்கு ஒளியுமளவு அடர்ந்தபின் முட்புதரில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது, பிறகு மீண்டும் பொறுத்திருப்பது. நரிக் கட்டுப்பாடும் கூடவே நடக்க வேண்டும். கவனித்தால் இது பிராட்லி சகோதரிகளின் மூன்றாவது விதிதான். சகோதரிகள் செடிக்குச் சொன்னதை இங்கே விலங்குக்கும் நீட்டியிருக்கிறார்கள்.

அரசு நிதிக்கும் இந்த விதிக்கும் எப்போதும் ஒத்துவராது. நிதி ஆண்டுக்கணக்கில் வருகிறது. மார்ச்சுக்குள்ளோ ஜூனுக்குள்ளோ செலவாகியிருக்க வேண்டும். அழித்த பரப்பை அளக்கலாம், படம் எடுக்கலாம். திரும்பி வந்த காட்டை அளக்கப் பத்தாண்டு பொறுக்க வேண்டும். அதனால்தான் பல நாடுகளில் களைத்திட்டங்கள் பெரும் தொகையில் தொடங்கி, இரண்டாம் ஆண்டின் முளைப்பைப் பிடுங்க ஆளில்லாமல் முடிகின்றன. தீக்குப் பிந்தைய காலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தீ மண்ணுக்குள் கிடந்த களைவிதையில் பெரும்பகுதியை ஒரே வீச்சில் முளைக்க வைத்துவிடுகிறது. அந்த முளைகள் பூத்துக் காய்ப்பதற்குள், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், திரும்பத்திரும்பப் போய்ப் பிடுங்கினால் பல பத்தாண்டுச் சேமிப்பைக் காலிசெய்துவிடலாம். தவறவிட்டால் சேமிப்பு பலமடங்காகத் திரும்ப நிரம்பும். மெதுவாகச் செய் என்ற விதி ஓடு என்று கட்டளையிடும் ஒரே தருணம் இதுதான். ஸ்காட் கிரீக் போன்ற பூங்காக்களில் தன்னார்வக் குழுக்களின் மதிப்பு இங்கேதான். நிதி வந்தாலும் வராவிட்டாலும் அதே சரிவுக்கு அதே ஆட்கள் மறுபடி வருவார்கள். போன ஆண்டு எங்கே நிறுத்தினோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

கையால் ஆகாததைச் சில சமயம் பூச்சியும் பூஞ்சையும் செய்கின்றன. திருமணப் பூச்செண்டில் சேர்ப்பதற்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிரைடல் கிரீப்பர் என்ற கொடி தெற்கு ஆஸ்திரேலியக் காடுகளைப் போர்வையாக மூடியது. மேலே தெரிவது சொற்பம். எடையில் மிகப்பெரும் பங்கு மண்ணுக்குள் பின்னிக்கிடக்கும் கிழங்குகள். அவற்றைத் தோண்டினால் காட்டுத் தரையே பெயர்ந்து வந்துவிடும். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானிகள் கொடியின் தாயகத்திலிருந்து 1999இல் ஓர் இலைத்தத்துப்பூச்சியையும், 2000இல் ஒரு துருநோய்ப் பூஞ்சையையும் சோதித்துக் கொண்டுவந்து விட்டார்கள். பல இடங்களில் துருநோய் கொடியை மெல்லமெல்லப் பட்டினி போட்டது. கொடி வாடும் வேகம் மெதுவானதால் அடியிலிருந்த செடிகள் எழ நேரம் கிடைத்தது.

இந்த உத்தியில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் கிராமப்புறங்களை அடைத்த சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கியது, 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு செதிள்பூச்சி. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியர்கள் தங்கள் சப்பாத்திக்கள்ளிமேல் அர்ஜென்டினாவின் காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியை ஏவினார்கள். சுமார் 24 மில்லியன் ஹெக்டேர் நிலம் மீண்டது. ஆனால் இந்த வெற்றிகளை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. உண்ணிச்செடிக்கு எதிராக ஆஸ்திரேலியா 1914 முதல் முப்பதையொட்டிய பூச்சி, பூஞ்சை இனங்களை விட்டுப் பார்த்துவிட்டது. செடி இன்னும் நிற்கிறது. அது ஒற்றை இனம் அல்ல. தோட்டக்காரர்கள் நிறத்துக்காகக் கலந்து உண்டாக்கிய கலப்பினங்களின் கூட்டம். ஒரு வகையைத் தின்னும் பூச்சி அடுத்ததைத் தொடாது.

உண்ணிச்செடி இங்கேயும் அங்கேயும் ஒரே எதிரி. இந்தியாவின் புலி வாழும் காடுகளில் அது 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. பிராட்லி சகோதரிகளின் நூல்களோடு தொடர்பே இல்லாமல், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் சக ஆய்வாளர்களும் கண்ட வழி வியப்பான அளவு நெருங்கி வருகிறது. செடியைச் சுற்றித் தோண்டாமல், மண்மட்டத்துக்குச் சற்றே கீழே தூர்க்கட்டையை மட்டும் வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. பிறகு பறவைகள் வந்தமரும் மரத்தடிகளில் எழும் புதுமுளைகளை ஆண்டுதோறும் பிடுங்குவது. கூடவே உள்ளூர்ப் புல்லையும் செடியையும் ஊன்றுவது. தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்கள் குறித்து 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடும் நடந்தது. செலவை ஈடுகட்ட நல்ல யோசனைதான். எத்தனை டன் வெளியேறியது என்ற கணக்கு வந்ததுபோல, வெட்டிய இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்ற கணக்கும் ஆண்டுதோறும் வந்தால் அது முழுமையாகும்.

கப்பல்கள் இரு திசையிலும்தான் ஓடின. கேப்பின் போன்சீட் ஆஸ்திரேலியாவைக் கெடுத்தால், ஆஸ்திரேலிய அக்கேசியாக்கள் கேப்பின் ஃபைன்போஸ் புதர்நிலத்தைக் கெடுத்தன. அவை ஆற்றுநீரை உறிஞ்சுகின்றன என்றே தென்னாப்பிரிக்கா 1995இல் வேலையற்றோரை அமர்த்தி அவற்றை வெட்டும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே அக்கேசியாக்கள் நீலகிரிக்கும் பழனிமலைக்கும் வந்து, மலைமக்கள் வாயில் சீகை ஆயின. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் நட்டவை சோலைக்காட்டுக்கு இடையிலிருந்த புல்வெளிகளுக்குள் புகுந்தன. பழனிமலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதை 2018இல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. அந்த இழப்பில் பெரும்பங்கு மரத்தோட்டங்களுக்குச் சேரும்.

சீகையை வெட்டித் தள்ளிவிட்டால் புல்வெளி திரும்புமா? பெரும்பாலும் திரும்பாது. மண்ணில் பல பத்தாண்டு உயிர்வாழும் சீகை விதைதான் கிடக்கிறது. வெட்டிய மறு ஆண்டே ஆளுயரச் சீகைக்கன்றுகள் நெருக்கியடித்து நிற்கும். இதற்கிடையில் முதிர்ந்த சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்திருக்கின்றன. அவற்றை இப்போது மொட்டையாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். எஞ்சியிருக்கும் நல்ல புல்வெளிக்குள் புதிதாகத் தலைகாட்டும் இளஞ்சீகைகளை முதலில் பிடுங்க வேண்டும், சோலை எழும் முதிர்ந்த தோப்புகளைத் தொடக் கூடாது என்று அங்கே ஆய்வு செய்பவர்கள் வலியுறுத்துகிறார்கள். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட, புல்லும் இல்லாத சோலையும் வராத தோப்புகள் நிறைய உண்டு. அவற்றை என்ன செய்வது என்பதில் வனத்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆய்வாளர்களுக்கும் இடையே வாதம் நடந்துகொண்டிருக்கிறது. அவை கடைசி வரிசையில் நிற்கட்டும் என்பதுதான் மோஸ்மனிலிருந்து கிடைக்கும் பதில்.